சராசரி நான்கு பேர்

அன்று நான் லீவில் இருந்தேன். காலை பத்து மணிக்கு, கம்பெனி வேன் ஓட்டும் முருகேசன் போன் செய்து, "அக்கா, மாரிச்சாமி அண்ணாச்சி போயிட்டாக" என்றான். "எந்த ரூம்ல?" என்றுதான் கேட்டேன். பட்டாசு அறைகள் வெடிக்கும் வெம்பக்கோட்டைப் பக்கம் பகலில் வரும் சாவுச் செய்திக்கு வேறு கேள்வி எங்களுக்கு வராது. "ரூம்ல இல்லக்கா. வீட்ல வச்சு, நெஞ்சுவலி" என்றான். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் அவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் கணக்கில் பட்டம் வாங்கி ஆபீசில் உட்கார்ந்தவள். பின்னத்தை வகுக்கும்போது எதற்குத் தலைகீழாகப் போட்டுப் பெருக்குகிறோம் என்று ஒருநாள் கேட்டார். "அதுதான் விதி அண்ணாச்சி" என்றேன். மேசையில் இருந்த தாளை எடுத்து இரண்டாக மடித்துக் கிழித்தார். "இந்த அரைத் தாள்ல கால் தாள் எத்தன இருக்கு?" இரண்டு. "முழுத் தாள்ல நாலுன்னா, அரையில அதுல பாதி. நாலால பெருக்குறது அதுக்குத்தான?" பதினைந்து வருடம் படித்தும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்னொரு நாள், தீபாவளி சீசன் நேரம். ஒன்பது அறைகள், முப்பத்தாறு பேர். 'அறைக்குச் சராசரி நான்கு பேர்' என்று ரிப்போர்ட்டில் எழுதி முடித்திருந்தேன். சட்டப்படி ஓர் அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்பதால் கணக்கு சரியாகவே இருந்தது. அவர் என்னை வெயிலில் இழுத்துக்கொண்டு போய் ஐந்தாம் அறையைக் காட்டினார். உள்ளே ஆறு பேர். எட்டாம் அறையில் இரண்டே பேர். ஒரே ஊரிலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள் ஒன்றாகத்தான் உட்காருவார்கள்.

"சராசரிக்குத் தீப்பிடிக்காது தாயி. ரூமுக்குத்தான் பிடிக்கும்" என்றார்.

நான் வாசலிலிருந்து பின்வாங்கினேன். "நாலு எதுக்குன்னு யோசிச்சியா? நாலு பேருன்னா ஒருத்தர ஒருத்தர் இடிக்காம வெளிய ஓடிரலாம். ஆறு பேருன்னா யாராச்சும் ஒருத்தர் நிக்கணும். நிக்க அங்க நேரம் இருக்காது." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படு, தப்பில்ல. எதுக்குப் பயப்படணும்னு கணக்குப் போட்டுப் பயப்படு."

அடக்கம் முடிந்த மறுநாள் வேலை தொடங்கியது. ஆர்டர் நெருக்குகிறது. புதிய போர்மேன் ஆபீசிலேயே உட்கார்ந்து, "சராசரி போட்டா போதும்மா" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன். ஐந்தாம் அறையில் ஆறு பெண்கள். எல்லோரும் அண்ணாச்சியின் ஊர். அழுது வீங்கிய முகங்களோடு நெருங்கி உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேர் எட்டாம் ரூமுக்குப் போங்க" என்றேன்.

"அண்ணாச்சி போன துக்கத்துல கூட உக்காந்திருக்கோம். இன்னைக்குமா விரட்டுவீக?" என்றாள் ஒருத்தி.

நான் வாசலை விட்டு நகரவில்லை. இரண்டு பேர் என்னைத் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள்.

ரிப்போர்ட்டில் இப்போது ஒன்பது அறைக்கும் ஒன்பது எண்கள் எழுதுகிறேன், நேரில் போய் எண்ணிய பிறகு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த நடையும் இந்தப் பயமும்தான்.