பஸ் தூக்கி எறிந்த இடம்

பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் அப்பா நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன். எழுபதுகளில் ஒருநாள், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டிருந்தேன். வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று சாலையிலேயே கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். "இது ரோடா, களமா?" என்று நான் திட்டி முடிப்பதற்குள் சக்கரம் கதிரில் வழுக்கியது. பறந்துபோய், சாலையோரம் குவித்திருந்த கேழ்வரகுத் தாளில் தலைகீழாகச் செருகிக்கொண்டேன். ஓர் அடி தள்ளி மைல்கல்.

"உயிரு கீதாய்யா?" என்று கண்டக்டர் அலறினார்.

கதிருக்குச் சொந்தக்கார அம்மா என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "இன்னா நைனா, பஸ்சு மெதிக்கிறது பத்தாதுன்னு நீயும் குதிச்சியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தள்ளியதும் அந்தக் கேழ்வரகுதான், தாங்கியதும் அதுதான். யாரைத் திட்டுவது? பஸ் கிளம்பியது, நான் ஏறவில்லை. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனதும், தனியாகக் குனிந்து, அடுத்த பஸ் வழுக்காதபடி சிதறிய கதிரையெல்லாம் அள்ளிச் சாலையோரமாகப் பரப்பிவைத்தேன்.