ஆலமரத்தில் தொங்கிய உரப்பை

எங்கள் வயல் வட்டையின் கடைசி வரம்போரம் ஒரு ஆலமரம் நிற்கிறது. மாடு கன்று போட்டால் பின்னால் விழும் இளங்கொடியை ஒரு பையில் கட்டி அந்த மரத்தில்தான் தொங்கவிடுவோம். பால் வடிகிற மரத்தில் தொங்கினால் மாட்டுக்கும் பால் வற்றாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எத்தனையோ பைகள் அங்கே காய்ந்து விழுந்திருக்கின்றன. என் கண்ணைவிட்டுப் போகாதது ஒரு வெள்ளை உரப்பைதான். அதைக் கட்டியவள் என் அக்கா. அப்போது அவளுக்கு வயிற்றில் நாலு மாதம்.

வவுணதீவில் ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. மாடுகள் அத்தானுடையவை. அந்த நேரம் நானும் வயிற்றோடு இருந்தேன். பிள்ளைக்கு நல்லது என்று மடியில் கறந்த சூட்டோடு பச்சைப்பாலை இருவரும் ஒரே செம்பிலிருந்துதான் ஊற்றிக் குடித்தோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தில்தான். அக்கா அப்படியில்லை. அன்று சிவலைப் பசு மாதம் முந்திப் போட்ட கன்று செத்தே விழுந்தது. இளங்கொடி விழாமல் தொங்கிக்கொண்டு நின்றது. அத்தான் தயிர்ச்சட்டிகளோடு டவுனுக்குப் போயிருந்தார். அக்கா கையில் தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு மெல்ல மெல்ல அதை இழுத்தெடுத்தாள். முழங்கை வரைக்கும் இரத்தம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

“மாட்டக் கண்டாலும் பயம், ரத்தத்தக் கண்டாலும் பயம். நீ எப்பிடிகா புள்ள பெறப் போற? உன்ட புருசன்தான் பெறவேணும்” என்று சிரித்தாள்.

“செத்த கண்டுதானேக்கா, இதையும் மரத்தில கட்டவேணுமா?” என்று கேட்டேன்.

“கண்டு செத்தா நமக்குப் பால் வேணாமா?” என்று சொல்லிக்கொண்டே உரப்பையை நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

சில கிழமைகளில் அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பின்னேரமானால் வரும், விடிந்தால் விட்டுவிடும். சட்டை நனைய வேர்த்தது. இடுப்பும் மூட்டும் உளைந்தன. ஆஸ்பத்திரியில் டெங்கு என்று பார்த்தார்கள், இல்லை. குளிசை தந்து அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வலையிறவுப் பாலத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாலம் முடியும்வரை அவள் என் கையை விடவில்லை. திரும்பி வரும்போது வயிற்றில் பிள்ளை இல்லை.

ஒரு வளவுக்குள் இரண்டு வயிறு நின்றது பிழை என்று ஊரில் கதைத்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, என் பிள்ளைதான் அவள் பிள்ளையைத் தள்ளிவிட்டதோ என்று நானே நம்பத் தொடங்கினேன். மகள் பிறந்ததும் அக்காவின் கண்ணில் காட்டக் கூசிக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “இந்தச் சிறுக்கி என்ன செஞ்சவள்? குடுகா இஞ்ச” என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

பிறகு இன்னொரு மாடும் அப்படியே செத்த கன்று போட்டது. பார்க்க வந்த மாட்டு டாக்குத்தர், வீட்டில் யாராவது இளங்கொடியில் கை வைத்தீர்களா, காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் இரத்தத்தைச் சோதித்தபோது மாட்டிலிருந்து தொற்றுகிற வருத்தம் அவளுக்கும் இருந்தது. கன்றுகள் செத்து விழுந்ததும் அந்த நோயால்தானாம், புருசெல்லோசிஸ் என்று பெயர். இளங்கொடியிலும் இருக்குமாம், காய்ச்சாத பாலிலும் இருக்குமாம். அப்படியென்றால் அதே பாலைக் குடித்த எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை? கையால் வந்ததா, பாலால் வந்ததா? பிள்ளை போனது அதனால்தானா? ஆஸ்பத்திரி டாக்குத்தர் அம்மாவிடம் கேட்டேன். “இந்த வருத்தத்தால கரு கலையலாம். வேற காரணத்தாலயும் கலையும். உங்கட அக்காக்கு இதால இருக்கலாம், இதாலதான் எண்டு என்னால சொல்ல ஏலாது” என்றார். இருக்கலாம் என்கிற சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி நித்திரை கொள்வது?

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மருந்தெல்லாம் குடித்து முடித்த அக்கா, நெடுநாளுக்குப் பிறகு திரும்பவும் வயிற்றோடு இருக்கிறாள். நான் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறேன். “பாலக் காய்ச்சிறியா, பழி வாங்கிறியா?” என்று அக்கா பகிடி பண்ணுகிறாள். போன கிழமை ஒரு பசு உயிருள்ள கன்று போட்டது. அத்தான் கையுறை போட்டு, இளங்கொடியைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார். மரத்தில் ஒன்றும் தொங்கவில்லை. இந்தக் கிழமை அந்தப் பசுவுக்குப் பால் குறைவு.

“மரத்தில கட்டாததாலயா எண்டு டாக்குத்தரிட்டக் கேளன். அதுக்கும் இருக்கலாம் எண்டுதான் சொல்லுவார்” என்று அக்கா சிரித்தாள்.

நேற்றுப் பின்னேரம் அவள் தனியாக வரம்பில் நடந்து ஆலமரத்தடிக்குப் போவதைக் கண்டு பின்னால் ஓடினேன். உரப்பை எப்போதோ உக்கிப் போய்விட்டது. நீலக் கயிறு மட்டும் கிளையில் கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அறுத்து எறியவாக்கா?” என்று கேட்டேன்.

இரத்தத்துக்கும் பயப்படாதவள், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் புள்ள. இது பிறக்குமட்டும் அது அப்பிடியே கிடக்கட்டும்.”