கறுப்புக் கவருக்குள் இருந்த புங்கை

போர்வைக்குள் இருந்து அக்காவின் போனில் எழுதுகிறேன். இங்கே என் பெயரைப் போட மாட்டேன். தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்கள்.

சிதம்பரத்தில் எங்கள் பள்ளி வாசலில் தாளாளர் ஒரு புங்கை நட்டார். போன மாதம் அது காய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் வகுப்பு மிஸ் காலைப் பிரேயரில் என்னை முன்னால் நிறுத்தினார். "ஒரு செடிக்கு தண்ணி ஊத்தத் துப்பில்ல. இவுங்கதான் பசுமைப் படைத் தலைவி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஒரு நாள்கூட ஊற்றாமல் விட்டதில்லை.

இப்போது எங்கள் ஊரின் பசுமைப் பணிகளைப் பற்றி ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தப் புங்கையையே எடுத்துக்கொண்டேன். இன்று மாலை நானும் என் தோழி நஸ்ரினும் அதைத் தோண்டினோம்.

"என்னா பாப்பா பண்றீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"ப்ராஜெக்ட்டுண்ணே."

வேர் வெளியே வந்ததும் நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏய், நர்சரி கவரையே பிரிக்கலடி. அப்புடியே வச்சி மூடியிருக்காரு."

கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் வேர் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிச் செத்திருந்தது.

அதைக் கவரோடு நாளைய ப்ராஜெக்ட் கண்காட்சிக்கான மேசையில் வைத்துச் செய்தித்தாளால் மூடிவிட்டேன். பின்னால் தாளாளர் சிரித்தபடி அதை நடும் போட்டோ.

வீட்டுக்கு வந்ததும் நஸ்ரினைக் கூப்பிட்டேன். "காலைல போயி எடுத்துடலாமாடி?" என்று போனில் கேட்டேன். "எடுத்தா உங்கூடப் பேச மாட்டேன்" என்றாள் நஸ்ரின்.

எடுக்கப் போவதில்லை. நாளை பத்து மணிக்குத் தாளாளர்தான் திறந்து வைக்கிறார். மிஸ் பக்கத்திலேயே வருவார். செடி ஏன் செத்தது என்று அவர் கேட்கட்டும், மிஸ் பதில் சொல்லட்டும்.

அட்டையில் 'நட்டவர்' என்று அவர் பெயரை எழுதிவிட்டேன். 'தண்ணீர் ஊற்றியவர்' என்று என் பெயரையும் போடட்டுமா?