பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய வீடு

என் மனைவி லண்டனில் நெடுங்காலம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போய், லண்டன் புறநகரான சட்டனில் எங்கள் வீடு சத்தமில்லாமல் கிடந்த வருடம் அது. ஸ்கொட்லாந்தின் வடகோடியில், ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை தேடுகிறார்கள் என்று ஒருநாள் வந்து சொன்னாள். பள்ளியோடு ஒட்டினபடி வீடும் தருவார்களாம்.

"உமக்கென்ன விசரே? அங்கை எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை. அரிசிக்கு என்ன செய்யிறது?" என்றேன்.

"அரிசியைக் காரிலை கொண்டுபோகலாம். ரெண்டு வருஷம்தானே அப்பா. வாங்கோவன்."

நான் அப்போது ஸ்ட்ரெதமில் ஒரு கடையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். அதை விடுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள அப்டன் பார்க்குக்குப் போய் அரிசி, மிளகாய்த்தூள், பருப்பு என்று கார் நிறைய வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

அது கல்லால் கட்டிய சின்ன வீடு. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பறை. ஊர்க்காரர் அதை எங்கள் வீடாகவே நினைக்கவில்லை; பள்ளியின் இன்னோர் அறை என்றுதான் நினைத்தார்கள். கதவைத் தட்டுகிற சத்தமும் ஆளும் ஒன்றாகவே உள்ளே வரும். ஒரு ஞாயிறு காலை நான் சாரத்தைக் கட்டிக்கொண்டு நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருக்க, மகனின் தொலைந்த ஒற்றைக் கால் சப்பாத்தைத் தேடி ஒரு தாய் வந்தாள். சப்பாத்து கிடைக்கவில்லை. சம்பலோடு இரண்டு ரொட்டி சாப்பிட்டு, காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். காற்றோ சொல்லி முடியாது. கொடியில் போட்ட என் சட்டையை ஒருமுறை ஆட்டுப்பட்டிக்குள் போய் எடுத்தேன்.

பள்ளியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். தாய் இறந்துவிட்டாள், நண்டு பிடிக்கிற தகப்பன் தனியாக வளர்க்கிறான். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை. அறிவு வளர்ச்சி போதாது என்று முன்பிருந்த ஆசிரியை முடிவுகட்டியிருந்தார். நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதிப்பார், பிறகு தொலைவில் உள்ள விசேட பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது ஏற்பாடு.

ஒரு மதிய இடைவேளையில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே யாரோ பொரிந்து தள்ளுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை எங்கள் வேலியடியில் குந்தியிருந்து, பக்கத்துத் தோட்டத்து நாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கிறாள், அதட்டுகிறாள், சிரிக்கிறாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது அந்தப் பக்கத்துப் பழைய மொழியான கேலிக்.

மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு நான் நிற்க, அவள் யன்னலோரம் அசையாமல் நின்றாள்.

"பிள்ளை மொக்கு இல்லையப்பா," என்றாள். "வீட்டிலை கதைக்கிற பாஷை வேறை. இஞ்சை பிழைவிட்டிடுவன் எண்டு பயப்பிடுறாள்."

"அது எப்பிடி உமக்குத் தெரியும்?"

"நான் சின்னனிலை யாழ்ப்பாணத்திலையிருந்து லண்டனுக்கு வந்த புதுசிலை, பள்ளிக்கூடத்திலை ஒரு டேர்ம் முழுக்க வாய் திறக்கேல்லை. காது கேக்காதாக்கும் எண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாத்தவை."

அத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தும் இதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

பள்ளி முடிந்ததும் கடற்கரைக்குப் போய்த் தகப்பனைக் கண்டாள். பிள்ளையைப் பற்றி ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. "எனக்கு உங்கள் மொழியைச் சொல்லித்தர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவன் படிப்பைப் பாதியில் விட்டவன். பள்ளி வாசலை மிதிக்கவே கூசுவான். அதனால் எங்கள் சமையலறைக் கதவால் வந்தான். வாரத்தில் இரண்டு பின்னேரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, இஞ்சித் தேத்தண்ணி குடித்தபடி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தான். பகல் முழுக்கப் படிப்பித்துக் களைத்தவள், ஐம்பது வயதில், ஒரு சொல்லைப் பத்துத் தடவை பிழையாகச் சொல்லிவிட்டுப் பதினோராவது தடவையும் முயன்றாள். நான் இரண்டாம் வாரமே கைவிட்டேன்.

ஒரு காலை சுவருக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. நாயைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் கேலிக்கில் ஏதோ கேட்டாள். ஒரு சின்னக் குரல் கலகலவென்று சிரித்தது. ஆசிரியையின் உச்சரிப்பை உரத்துத் திருத்தியது. வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட என் மனைவிதான் பெரிதாகச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். பிள்ளை ஆசிரியையின் கேலிக்கைத் திருத்துவாள். ஆசிரியை பிள்ளையின் ஆங்கிலத்தைத் திருத்துவாள். பிழைவிடுவது அந்த வகுப்பில் விளையாட்டாகிவிட்டது.

குளிர் குறைந்த பிறகு அதிகாரி வந்தார். படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பிள்ளை ஆசிரியையின் பக்கம் திரும்பி, கேலிக்கில் மெல்ல ஒன்று கேட்டாள். என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி.

"இவ்வளவு பெரிய ஆளுக்கு இது ஆடு என்று தெரியாதா என்று கேட்கிறாள்."

அதிகாரியும் சிரித்துவிட்டார். பிறகு பிள்ளை அவருக்கு ஆங்கிலத்திலேயே ஆட்டைப் பற்றி விளக்கத் தொடங்கினாளாம், நிறுத்தத்தான் முடியவில்லையாம். வேறு பள்ளி என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டு வருடம் என்று போன நாங்கள், அந்தப் பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடிக்கும்வரை அங்கே இருந்தோம். இப்போது சட்டனுக்குத் திரும்பிவிட்டோம். கெட்டிக்காரர் பலரை இந்த நகரத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் தெரியாதவளாக நிற்பதற்கு என் மனைவிக்கு இருந்த தைரியம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதிகாரி வந்துபோன அன்று மதியம், தகப்பன் ஒரு வாளி நண்டைச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்தான். என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

"காரம் குறைச்சுக் கறி காய்ச்சுங்கோ. தகப்பனையும் பிள்ளையையும் சாப்பிடக் கூப்பிடுவம்," என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்கு ஓடினாள்.