வெள்ளிக்கிழமைகளில் விழுந்த சுவிட்ச்

எங்கள் வீட்டு டிரிப் சுவிட்ச் போன வருஷம் சித்திரையில் விழத் தொடங்கியது. எது எந்த நாளில் நடந்தது என்பதைக் கவனித்து வைப்பது என் வழக்கம். அது விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை காலைகளில். விழுந்ததும் வீடு முழுக்க மின்சாரம் போய்விடும். அண்ணன் முனகிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி அதைத் தூக்கிவிடுவான்.

"நம்ம சுவிட்சும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்குலே" என்பான்.

வெள்ளிக்கிழமை மதினி பூஜைச் சாமான்களைத் துலக்கிவிட்டு, கூடத்து மீன் தொட்டியையும் துடைப்பாள். தொட்டிக்குள் கிடக்கும் பில்டர் மோட்டாரை வெளியே எடுத்துப் பாசியைக் கழுவுவாள். பிளக்கைப் பிடுங்க மாட்டாள். பிடுங்கினால் மறுபடி போட மறந்துவிடுவோம், காற்று நின்று மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று பயம். அவள் கை தண்ணீருக்குள் போகும்போதுதான் சுவிட்ச் விழுகிறது என்று அண்ணனிடம் சொன்னேன். மோட்டாரிலிருந்து தண்ணீரில் மின்சாரம் கசிகிறது, அவள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கிறது, அதைத்தான் சுவிட்ச் தடுக்கிறது என்றும் சொன்னேன்.

அண்ணன் தொட்டியைக் காட்டினான். "ஏலே, புஸ்தகத்தை மூடிட்டு இங்கன பாரு. தண்ணில கரண்டு இருந்தா மீனுல்லா முதல்ல செத்து மிதக்கும்?"

ஆரஞ்சு மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் வந்தன. மீன் தரையைத் தொடவில்லை, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னது அந்த வால்களுக்கு முன்னால் எடுபடவில்லை.

ஆடி மாதம் எலெக்ட்ரீசியன் வந்தார். "பொட்டி கெட்டுப்போச்சு அண்ணாச்சி. புதுசு வாங்குத வரைக்கும் நேராக் குடுத்திருக்கேன்" என்றார். சுவிட்சை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டுப் போனார். அதன்பின் மின்சாரம் போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மதினிக்கு மட்டும் கை சுருக்கென்றது.

"தொட்டியத் தொட்டா விறுவிறுங்குதுங்க" என்றாள்.

"உனக்கு மட்டும் ஷாக் அடிக்குதாக்கும்? மீனு என்ன ரப்பர் செருப்பா போட்டிருக்கு?" என்றான் அண்ணன்.

"அப்ப நான் போட்டுக்கிடுதேன்" என்று சிரித்தாள்.

மறுநாளே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு தொட்டிக்குக் கீழே வந்துவிட்டது. வீட்டுக்குள் செருப்புப் போடாத குடும்பத்தில் அது ஒன்றுக்கு மட்டும் அனுமதி. அதைப் போட்டுக்கொண்டால் விறுவிறுப்பு இல்லை. நான் மறுபடி மோட்டாரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அதான் செருப்பு இருக்குல்லா, தம்பி" என்று மதினியே என்னை அடக்கினாள்.

அந்தக் கோடையிலும் அதன் பிறகும் குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று விடியற்காலையிலேயே தண்ணீர் வந்தது, நின்று நிதானமாக வந்தது. மதினிக்கு அன்று இருந்த சந்தோஷம் எனக்கு இப்போதும் தெரிகிறது. குடம் குடமாக ஊற்றி வீட்டைக் கழுவினாள். கழுவுவதற்காக நாற்காலி, பாய், அந்தச் செருப்பு எல்லாம் முற்றத்துக்குப் போயின. கழுவிய வீட்டுக்குள், அதுவும் வெள்ளிக்கிழமை, செருப்பை மறுபடி கொண்டுவர அவளுக்கு மனம் வந்திருக்காது.

மாடியில் இருந்த எனக்குச் சொம்பு உருளும் சத்தம்தான் கேட்டது. இறங்கிவந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே அவளைத் தொட்டேன். தரையெல்லாம் தண்ணீர். மோட்டார் அவள் கையருகே கிடந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் எங்களை அதிக நேரம் காக்கவைக்கவில்லை.

திரும்பி வந்தபோது மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அண்ணன் தொட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இதுக சாகலையேலே" என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேறு ஆளைக் கூப்பிட்டு டிரிப் சுவிட்சை மீண்டும் இணைத்தோம். பழைய பெட்டியேதான். சோதித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, கெடவே இல்லை என்றார் அவர். அந்த மோட்டாரை எறிந்துவிட்டு வேறு போட்டோம். தொட்டிக்குள் இப்போது யாரும் கை வைப்பதில்லை. கண்ணாடியில் பாசி ஏறி மீன்கள் மங்கலாகத் தெரிகின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் கடைக்குக் கிளம்பாமல் மின்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இன்னைக்கும் விழலைலே" என்கிறான்.