'அனுபவம்' என்று குறியிட்ட கதை

என் வீட்டுக்காரருக்குப் பல் கட்டுகிற வேலை. பல் டாக்டரா என்று எல்லோரும் கேட்பார்கள். டாக்டர் இல்லை, டாக்டருக்குப் பின்னால் இருக்கிற ஆள். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அனுப்புவார். கூடவே ஒரு சீட்டு வரும். வயது, ஆணா பெண்ணா, எத்தனை பல், என்ன நிறம், அவ்வளவுதான். இவர் அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி ஈறை வார்த்து, மெழுகில் பல்லை வரிசையாக வைத்து, வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்திருப்பாரோ, ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பொழுதுபோக்கு ஒன்று இல்லாமல் இவரால் இருக்க முடியாது. ஒன்றோடு நிற்கவும் முடியாது. கல்யாணமான புதிதில் மீன் தொட்டி வாங்கினார். மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தபின் புல்லாங்குழல். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்தும் சத்தம் தவறாமல் பக்கவாத்தியமாக வரத் தொடங்கியதும் அதையும் விட்டார். அப்புறம் தீக்குச்சியில் பாலம் கட்டினார். பாலம் பாதி ஆறு தாண்டி நின்றுபோயிற்று. பரணில் ஏறினால் இவர் வாழ்க்கை வரலாற்றை டப்பா டப்பாவாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நிலைத்தது ஒன்றே ஒன்று. கதை. வேலை விட்டு வந்து, சட்டையில் ஒட்டிய வெள்ளைத் தூளைக்கூடத் தட்டாமல், டீயைக் கையில் வாங்கினதும் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க."

வந்தது அம்மா இல்லை, அந்த அம்மாவின் கீழ்த்தாடை அச்சு. வலது பக்கத்துப் பற்கள் மட்டும் தேய்ந்திருந்ததாம். அப்படியென்றால் இடது பக்கத்தில் ரொம்ப நாளாக வலி. வலியை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? வீட்டில் யாரும் கேட்கவில்லை என்ற கோபம். இப்படியே போகும். நான் சும்மா இருப்பேனா? "கோவமெல்லாம் இல்ல, பெருமை. நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்னு ஒரு பெருமை" என்பேன். அவர் ஒற்றைக் காலில் நிற்பார், நானும் விடமாட்டேன், டீ ஆறிப்போகும். எங்களுக்குள் போட வேண்டிய சண்டையை எல்லாம் முகம் தெரியாத அந்த மனிதர்களுக்காகப் போட்டுத் தீர்த்துக்கொண்டோம். எங்கள் குடும்பம் ஓரளவு அமைதியாக ஓடியதற்கு அவர்களும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

மகள் படிக்க வெளியூர் போனபோது போனில் இவரை ஒரு விவாதக் குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள். "இனிமே இங்க வச்சுக்கோப்பா உன் வாதத்த. அம்மா காது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று கிண்டல் வேறு.

நானூறு சொச்சம் பேர் இருக்கிற குழு. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லோருக்கும் புனைபெயர். இவர் தனக்கு 'கடைவாய்ப்பல்' என்று வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒரு தலைப்பு கொடுப்பார்கள். தண்டனையால் மனிதன் திருந்துவானா, பிள்ளைகளிடம் பொய் சொல்லலாமா, இந்த மாதிரி. வாரம் முழுக்க அடித்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. பெரும்பாலும் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடுகிற ஆட்கள். இவரிடம் புத்தகம் ஏது? ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தன் வாழ்க்கையில் நேரில் கண்டதை எழுதினால் முதல் வரியில் 'அனுபவம்' என்று குறியிட வேண்டும். அப்படிக் குறியிட்டதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. புத்தகத்தோடு எவ்வளவு வேண்டுமானாலும் மோதலாம், ஒருவர் பட்டதோடு மோதக் கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த நாகரிகம். நல்ல வழக்கம்தான், என் வீட்டுக்காரர் கையில் சிக்காதவரை.

தேய்ந்த பல் அம்மாதான் முதலில் குழுவுக்குப் போனார். 'அனுபவம்: எங்களிடம் ஒரு அம்மா வந்தார்' என்று தொடங்கி, நான் சொன்ன பெருமையையும் சேர்த்து இவர் அழகாக எழுதியிருந்தார். படித்துவிட்டுப் பலர் கண்ணீர் விட்டார்களாம்.

"இது எப்படிங்க அனுபவம்?" என்று கேட்டேன்.

"அச்சு உண்மைதானே? தேஞ்ச பல்லு உண்மைதானே?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தலைப்பு வந்தது. இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா, கூடாதா? சொல்லக் கூடாது என்பது இவர் கட்சி. அதே வாரம் வேலையிலும் ஒரு சீட்டு வந்திருந்தது.

"அறுபத்தொரு வயசு, ஆண். மேலயும் கீழயும் முழு செட். ஈறு தட்டையா கெடக்கு, பல்லு போயி பத்து வருசமாவது இருக்கும். இத்தனை வருசம் வேணாம்னு இருந்தவருக்கு இப்ப என்ன? சீட்டுல ரெண்டு கோடு போட்டு அவசரம்னு எழுதியிருக்கு."

"அவசரம் அவருக்கு இல்ல, அவர் பொண்டாட்டிக்கு" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லு."

"அவருக்கு நாள் குறிச்சாச்சு. அது அவருக்குத் தெரியாது. டாக்டர் அவகிட்ட மட்டும் சொல்லியிருக்கார். போறதுக்குள்ள நல்லா மென்னு சாப்பிடட்டும்னு இழுத்துட்டுப் போயி அச்சு எடுக்க வச்சிருக்கா. மாத்திரைய சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுக்குறா."

அவ்வளவுதான். இவர் அந்த மனிதரை லாரி டிரைவராக்கினார். புதுப் பல்லோடு ஏழு மாதம் சிரிக்க வைத்தார். ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே அனுப்பி வைத்தார். கடைசி வரி என்ன போடலாம் என்று என்னிடம் கேட்டார். அந்த மனைவி சொல்வதாக நான் சொன்னேன்: 'அவர் பயப்படாமல் போனார். எனக்கு அது போதும்.' முதல் வரியில் 'அனுபவம்' என்று போட்டுக் குழுவில் ஏற்றினார். அந்த வியாழக்கிழமை இவர் கட்சிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, எதிர்க்கட்சிக்கு எழுபத்தொன்று. கால் தரையில் பாவவில்லை இவருக்கு. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், 'ஊசிநூல்' என்ற பெயரில் இவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. படித்து முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

'ஐயா, நான் தையல் கடை வச்சிருக்கேன். குழுவுல படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. என் வீட்டுக்காரருக்கு கல்லீரல்ல கட்டி. ஆறு மாசம்னு டாக்டர் என்கிட்ட சொன்ன வாரத்துலதான் நீங்க அந்த டிரைவரப் பத்தி எழுதினீங்க. அந்த அம்மாவால முடிஞ்சது என்னாலயும் முடியும்னு சொல்லாமலே இருந்துட்டேன். இப்ப ஒரு கஷ்டம். இவருக்கும் இவர் அண்ணனுக்கும் ஒம்பது வருசமா பேச்சு வார்த்தை இல்ல. அடுத்த வருசம் நானே போயி பேசிடுறேன்னு தெனமும் சொல்றாரு. அடுத்த வருசம்ங்கிறாரு ஐயா. நான் தலைய ஆட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்த அம்மா இந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணினாங்க? அவங்க நம்பர் குடுங்க. ரெண்டு நிமிசம் பேசினா போதும்.'

போனைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தேன்.

"உண்மைய எழுதிடுங்க. இப்பவே" என்றேன்.

"எழுதிடுறேன். எப்படி எழுதுறதுன்னுதான்..."

"கதைன்னு எழுதுங்க. இதுல எப்படி என்ன வேண்டியிருக்கு?"

"கதை பொய்தான். அதுக்காகக் கருத்தும் பொய்யாயிடுமா? சொல்லக் கூடாதுங்கறதுல எனக்கு இன்னைக்கும் நம்பிக்கை இருக்கு."

"அவங்க உங்க கருத்தையா கேட்டாங்க? ஒரு பொம்பளையக் கேக்குறாங்க. அந்தப் பொம்பளை எங்கங்க?"

"அந்தப் பொம்பளையா நீ பேசேன்" என்றார் மெதுவாக. "அந்த வார்த்தையெல்லாம் உன்னோடதுதானே."

நான் கத்தினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை. அவரைத் திட்டினேன், போனைத் திட்டினேன், போனில் அந்தக் குழுவைப் போட்டுக் கொடுத்த மகளையும் திட்டினேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த ஒரு நிமிடமும், பேசினால் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாக்கியம் மனசில் வந்தும்விட்டது. நல்ல வாக்கியங்கள்.

அன்றே அனுப்பியிருக்கலாம். இவர் எழுத உட்கார்ந்தார். முதல் முறை தாளில் எழுதியது இரண்டு பக்கம். கதைக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் என்று அதில் விளக்கம் வேறு. கிழித்துப் போடுங்கள் என்றேன். இரண்டாவதில் மன்னிப்பு இருந்தது, கூடவே 'ஆனாலும்' என்று ஒரு பத்தி இருந்தது. மூன்றாவது தன்னைத்தானே திட்டிக்கொண்டே போயிற்று. படித்தால் அந்த அம்மாதான் இவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. மெழுகில் பல்லை மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் நகர்த்துவது போல ஒவ்வொரு வார்த்தையையும் நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் வேலை பார்க்கிற பார்சல் ஆபீசுக்குக் கிளம்பும்போது தினமும் கேட்பேன், "அனுப்பியாச்சா?" தினமும் அதே பதில், "இன்னும் ஒரு வரிதான்."

அந்த ஒரு வரியை நானே அனுப்பியிருக்கலாம். அவர் போனைத் திறக்க எனக்குத் தெரியும். குளிக்கப் போகும்போது மேஜைமேல்தான் கிடக்கும். இரண்டு தடவை கையில் எடுத்தேன். எடுத்தபோதெல்லாம், கதையில் அந்த மனைவிக்கு வசனம் சொல்லித் தந்தது யார் என்று அந்தத் தையல் கடை அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. திரும்ப வைத்துவிட்டேன். அவரைத் தினமும் கேள்வி கேட்டதில் என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், வேலை மேஜையில் உட்கார்ந்தபடி, நாலே வரி அனுப்பினார். 'அம்மா, அந்த லாரி டிரைவர் இல்லை. அவர் மனைவியும் இல்லை. நான் கட்டிய கதை. உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள், அண்ணனை உடனே கூப்பிடுங்கள்.' சாயங்காலம் என்னிடம் காட்டினார். 'நான்' என்று இருந்த இடத்தைப் பார்த்தேன். 'நாங்கள்' என்று இருந்திருக்க வேண்டும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

'ஐயா, நீங்க எழுதினதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் போயிட்டார். ஆறு மாசம்னாங்க, ரெண்டு மாசம்கூட ஆகல. ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு நர்ஸ் ஒருத்தங்க, அவருக்குத் தெரியும்னு நெனச்சு, அவர் எதிர்லயே பேசிட்டாங்க. அவர் என்னைத் திட்டல. அண்ணன்கிட்ட பேசியிருப்பேனேன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் அவரால பேச முடியல. அண்ணன் வந்து சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. உங்க கதையில அந்த டிரைவர் பொண்டாட்டிய ஒரு கேள்வியும் கேக்கவே இல்ல. ஒரு மனுசன் எப்படிக் கேக்காம இருப்பார்னு எனக்குப் புரியாமலே இருந்துச்சு. இப்ப புரியுது.'

இவர் அழுதார். சத்தமில்லாத அழுகைதான், ஆனால் தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நாளில் முதல் ஏழு நாள் அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்பதை இரண்டு பேருமே கணக்குப் போட்டுவிட்டோம்.

மறுநாள் அந்த டிரைவர் கதைக்குக் கீழேயே இவர் நடந்தது அத்தனையும் எழுதினார். அந்த அம்மாவின் பெயரோ தொழிலோ வராமல் பார்த்துக்கொண்டார். போடுவதற்கு முன் என்னைக் கேட்டார்.

"உன்னையும் சேக்கவா?"

"சேருங்க."

குழுவில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் வந்து காறித் துப்பாத குறை. பிடித்த பிடியை விடாத மனிதர் ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளர் இவரைக் குழுவிலிருந்து நீக்கினார். கதையையும் அதன் கீழே எழுதியதையும் அழிக்காமல் வைக்கும்படி மட்டும் இவர் கேட்டுக்கொண்டார். வைத்திருக்கிறார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையின் அந்த முனை அவர் கையில், இந்த முனை என் கையில்.

"உனக்கு ஏதாவதுன்னா, நான் அன்னைக்கே உன்கிட்ட சொல்லிடுவேன்" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. இவர் எத்தனையோ முறை எத்தனையோ சொல்லியிருக்கிறார். இதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது.

"சரி" என்றேன். "நானும் உங்ககிட்ட சொல்லிடுவேன்" என்று பதிலுக்குச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.