எந்த ஊர் மீன்?

மார்ச், 1981

தோழிகளே, அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

இன்று ராயப்பேட்டை மார்க்கெட்டில் அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். மீன்காரம்மா சிரித்தார்.

“நல்ல மீனும்மா, காசிமேட்டுது. கல்பாக்கம் மீன்னா நானே தொட மாட்டேன். அங்க அணு உலை கட்டிக்கினு கீறாங்க. அந்தக் கழிவெல்லாம் கடல்லதான் வுடுவாங்களாம்.”

என் அப்பா அங்கேதான் இன்ஜினீயர்; தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். உலை இன்னும் ஓடவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“உங்க வூட்டுக்காரருக்கு இன்னா வேலைம்மா?”

“ரயில்வேல,” என்றாள் அம்மா.

வரும் வழியில் கேட்டேன். “ஏம்மா பொய் சொன்னே? பயமே வேண்டாம்னு அப்பா சொன்னாரே.”

“அப்பாவுக்குப் பயமில்லைடி.”

“உனக்கு?”

“பையை நேராப் பிடி. தண்ணி சொட்டுது.”

பரீட்சை முடிந்ததும் நாங்கள் கல்பாக்கத்துக்கே குடிபோகிறோம். அப்பா சொல்வது உண்மையென்றால் அம்மா ஏன் மறைத்தாள்? அவளுக்குப் பயமென்றால் ஏன் இப்போதே சாமான் கட்டுகிறாள்?

ராத்திரி சாப்பாட்டில் அப்பா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போடப் போனார். பிறகு நிறுத்தி, “இது எந்த ஊர் மீன்?” என்று கேட்டார்.

சும்மாதான் கேட்டிருப்பார், இல்லையா? நீங்களாவது சொல்லுங்கள்.